பெட்டியைத் திறக்காமல் எண்ணுவது: ஒரு புரோகிராம் நிற்குமா என்று வகையைக் கேட்டால்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்று வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்ஸ் வண்டி வந்தால் பெட்டிகளை எண்ணுவது. கேட் சாத்தியிருக்கும் வரை வேறு வேலை கிடையாது. சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போகும். கடைசியில் கார்டு பெட்டி கண்ணில் பட்டதும், கேட் ஏறுவதற்கு முன்பே அத்தனை வண்டியும் உறும ஆரம்பித்துவிடும். தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டுக்குப் போகிற வண்டி என்றால் பெட்டிகள் எல்லாம் சீல் வைத்தவை. உள்ளே துணியா, டயரா, தேயிலையா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கேட் எப்போது திறக்கும் என்று சொல்லப் பெட்டிகளின் எண்ணிக்கை போதும். அதோடு, வண்டிக்குக் கடைசிப் பெட்டி என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

இதை இப்போது நினைத்ததற்குக் காரணம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. ப்ரோலாக் என்ற மொழியில் ஃபேக்டோரியல் கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"அண்ணா, ஆன்சர் கரெக்டாதான் வந்திச்சு. சும்மா செமிகோலன் தட்னேன். அதுலேர்ந்து ஓடிக்கினே கீது."

லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அவள் எழுதியிருந்தது இரண்டே விதிகள். பூஜ்யத்தின் ஃபேக்டோரியல் 1. ஓர் எண்ணின் ஃபேக்டோரியல் வேண்டுமென்றால், அதைவிட ஒன்று குறைந்த எண்ணுக்கு முதலில் கண்டுபிடித்து, இந்த எண்ணால் பெருக்கு. 5 கொடுத்தால் 120 வருகிறது, சரி. ப்ரோலாக்கில் செமிகோலன் தட்டினால் "வேறு விடை இருக்கிறதா பார்" என்று அர்த்தம். பூஜ்யத்தில் முதல் விதியோடு நின்றிருந்த கணக்கு, இப்போது இரண்டாம் விதியையும் அதே பூஜ்யத்தின் மேல் போட்டுப் பார்க்கிறது. அப்படியே -1, -2, -3 என்று இறங்கி, நினைவகம் தீரும் வரை போகும். "பூஜ்யம் அல்லாத எண்ணுக்கு மட்டும் இரண்டாம் விதி" என்பது அவள் மனதில் இருந்தது, புரோகிராமில் இல்லை.

"ஆனா ஒவ்வொரு தடவையும் கொறைஞ்சிக்கினேதானே வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. குறைந்தால் மட்டும் போதாது, குறைவதற்கு ஒரு தரை வேண்டும். 0, 1, 2 என்று போகும் இயல் எண்களுக்குப் பூஜ்யம் என்ற தரை உண்டு. குறை எண்களும் சேர்ந்த முழு எண்களுக்குக் கிடையாது. இரண்டாம் விதியில் "எண் பூஜ்யத்தைவிடப் பெரியது" என்று ஒரு நிபந்தனை சேர்த்ததும் நின்றுவிட்டது. அந்த நிபந்தனை செய்தது ஒன்றுதான்: உள்ளே வருவது முழு எண் என்ற வகை அல்ல, இயல் எண் என்ற வகை என்று உறுதி செய்தது. ஒரு புரோகிராம் நிற்குமா என்ற கேள்விக்கு, அதில் ஓடுகிற பொருளின் வகை (ஆங்கிலத்தில் டைப்) பதில் சொல்வது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்றைக்கும் கிடைக்காது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று தவறாமல் சொல்லும் பொதுவான வழி இருக்க முடியாது என்று ஆலன் டூரிங் 1936லேயே காட்டிவிட்டார். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, 1 வந்தால் நிறுத்து என்ற சின்னக் கணக்கு எல்லா எண்ணுக்கும் நிற்குமா என்றுகூட இன்றுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. 27ல் ஆரம்பித்தால் நடுவில் 9232 வரை ஏறி, 111 படி கழித்துத்தான் 1ல் வந்து இறங்குகிறது.

ஆனால் இதே டூரிங் 1949ல் கேம்பிரிட்ஜில் பேசும்போது நடைமுறைக்கு ஒரு வழியும் சொன்னார். புரோகிராம் ஓட ஓட ஏதாவது ஓர் அளவு குறைந்துகொண்டே வருகிறது, அதற்குத் தரையும் இருக்கிறது என்று காட்டிவிடு. நிற்கும் என்பது நிரூபணம் ஆகிவிடும். 1967ல் ராபர்ட் ஃபிளாய்டு இதை முறையாக்கினார். இன்று இருக்கிற பெரும்பாலான நிறுத்தச் சோதனைக் கருவிகளும் அடிப்படையில் இந்த ஒரு யோசனையைத்தான் செய்கின்றன. கருவியின் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: "கட்டாயம் நிற்கும்" அல்லது "எனக்குத் தெரியவில்லை". இரண்டாவது பதிலைக் குறைப்பதுதான் இத்தனை வருட ஆராய்ச்சியும்.

இதெல்லாம் யாருக்குத் தேவை என்று கேட்கலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வெளியார் எழுதிய சிறு புரோகிராம்களை ஓட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அது நிற்கும் என்று உறுதியாகாத எதையும் உள்ளேயே விடுவதில்லை. கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன், அக்டா போன்றவற்றிலும், நிற்காத ஒரு சார்பை அப்படியே ஏற்றுக்கொண்டால் பொய்யையும் நிரூபித்துவிடலாம் என்பதால், இது வாசலிலேயே கேட்கிற கேள்வி.

ப்ரோலாக்குக்கு வருவோம். 1972ல் பிரான்சின் மார்செய் நகரில் அலைன் கோல்மெரோவரும் பிலிப் ரூசெலும் உருவாக்கியது; பின்னால் இருந்த தர்க்க யோசனையில் எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கிக்குப் பெரிய பங்கு. எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதாமல், எது உண்மை என்று எழுதினால் போதும், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் கவர்ச்சி. கோவால்ஸ்கி 1979ல் இதை ஒரு சமன்பாடாகவே எழுதினார்: அல்காரிதம் என்பது தர்க்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது. நிற்காமல் ஓடுவது பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாட்டுப் பாதியில் வருகிற வியாதி. தர்க்கம் முழுக்கச் சரியாக இருக்கும், ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். "பெற்றோருக்கு முன்னோராக இருப்பவர் பிள்ளைக்கும் முன்னோர்" என்று எழுதும்போது, முன்னோரைத் தேடும் வரியை முதலில் வைத்தால் அது தன்னையே கேட்டுக்கொண்டு நிற்காது. பெற்றோரைத் தேடும் வரியை முதலில் வைத்தால் நின்றுவிடும். உண்மை ஒன்றுதான், வரிசை மட்டும் வேறு. இந்த வகைச் சிக்கலுக்கு வேறு மருந்தும் இருக்கிறது. ஏற்கெனவே கேட்ட கேள்வியை அட்டவணையில் குறித்துவைக்கும் முறை அது. ஆட்கள் எண்ணிக்கை முடிவுள்ளது என்பதால் வேலை செய்கிறது. நம் விஷயம் அது இல்லை. நமக்கு வேண்டியது வளரக்கூடிய பொருள்கள்: பட்டியல், மரம் இந்த மாதிரி.

ப்ரோலாக்கில் பட்டியல் என்றால் கூட்ஸ் வண்டியேதான். ஒன்று வெறும் கார்டு பெட்டி; அல்லது ஒரு பெட்டி, அதன் பின்னால் கோத்த இன்னொரு பட்டியல். கார்டு பெட்டிக்குக் குறி வெறும் சதுர அடைப்பு. கொக்கிக்குக் குறி செங்குத்துக் கோடு. இரண்டு வண்டிகளைக் கோத்து ஒன்றாக்கும் புரோகிராம் இது. முதல் இரண்டு இடத்தில் கோக்க வேண்டிய வண்டிகள், மூன்றாவதில் விடை; :- என்ற குறிக்கு, பின்னால் வருவது உண்மையானால் முன்னால் இருப்பதும் உண்மை என்று அர்த்தம்:

இணை([], _பின், _பின்).
இணை([_பெட்டி|_மீதி], _பின், [_பெட்டி|_விடை]) :-
    இணை(_மீதி, _பின், _விடை).

தமிழில் எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இடையில் ஒன்று. ப்ரோலாக்கில் மாறிகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது என்பதால் தமிழ்ச் சொல் எல்லாம் நிலையான பெயராகவே போய்விடும். முன்னால் அடிக்கோடு போட்டால்தான் மாறி.

முதல் வண்டி [க, ங], பின்வண்டி [ச] என்று கொடுத்தால் [க, ங, ச] வந்து நிற்கும். புரோகிராம் தன்னையே கூப்பிடும் ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வண்டியில் ஒரு பெட்டி கழல்கிறது, கார்டு பெட்டி வந்ததும் முடிந்தது. அப்புறம், ப்ரோலாக்கின் வித்தை என்னவென்றால் இதையே தலைகீழாகவும் ஓட்டலாம். விடை [க, ங, ச] என்று மட்டும் கொடுத்து, எந்த இரண்டைக் கோத்தால் இது வரும் என்று கேட்கலாம். நான்கு விடைகளைச் சொல்லிவிட்டு நிற்கும். இங்கே குறைவது மூன்றாவது இடத்தில் இருக்கிற வண்டி. முதல் இடமும் மூன்றாம் இடமும் இரண்டுமே இன்னும் நிரப்பாத மாறிகளாக இருந்தால்? முதல் வண்டி வெறும் கார்டு பெட்டியாக இருக்கலாம், ஒரு பெட்டியாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம் என்று விடை வந்துகொண்டே இருக்கும். வால் தெரியாத வண்டி. கேட்டில் நிற்பவன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்ற மொழிகளில் ஒரு பொருளைக் கொடுத்தால் அது முழுதாக இருக்கும். ப்ரோலாக்கில் பொருள் அரைகுறையாக இருக்கலாம். இன்னும் நிரப்பாத மாறி உள்ளே எங்கேயாவது இருக்கும், பின்னால் அது எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம். இப்போது அளந்து 7 என்று சொன்னது, ஓட்டத்தின் நடுவில் 700 ஆகிவிட்டால் "குறைகிறது" என்ற வாதமே செல்லாது. அதனால் அளவு ஒன்றை நம்புவதற்கு முன் கேட்க வேண்டியது: இந்தப் பொருளில் இருக்கிற மாறிகள் எதைக் கொண்டு நிரம்பினாலும் இந்த அளவு மாறாமல் இருக்குமா? அப்படி மாறாத அளவைத்தான் இந்தத் துறையில் உறுதியான அளவு என்கிறார்கள்.

எதை எண்ணுவது என்ற கேள்வி இங்கேதான் முளைக்கிறது. ஆரம்பகாலக் கருவிகள் பல, பொருளுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எண்ணின. பெட்டி, பெட்டிக்குள் மூட்டை, மூட்டைக்குள் பை என்று அடிமட்டம் வரை. எல்லாவற்றையும் எண்ணினால் தப்பு வராது என்று தோன்றும். ஆனால் சீல் வைத்த இரண்டு பெட்டிகளைக் கொண்ட [_அ, _ஆ] என்ற வண்டியைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே என்ன வரும் என்று தெரியாது, அதனால் மொத்த அளவு தெரியாது, அதனால் நிற்குமா என்பதும் தெரியாது என்று கருவி கைவிரித்துவிடும். நமக்கோ பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது: இரண்டு பெட்டி, ஒரு கார்டு பெட்டி, மூன்றாவது அழைப்பில் முடிந்துவிடும். கேட்டில் நின்ற பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்தது கருவிக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அது தேவைக்கு மேல் எண்ணியது.

சரி, பெட்டிகளை மட்டும் எண்ணினால் போதும் என்று விதி வைத்துவிடலாமா? அதற்கும் இடைஞ்சல் இருக்கிறது. பெட்டி பெட்டியாகச் சரக்கு இறக்கும் இந்தப் புரோகிராமைப் பாருங்கள். இங்கே வண்டி என்பது பட்டியல்; ஒவ்வொரு பெட்டியும் மூட்டைகளின் பட்டியல்.

இறக்கு([]).
இறக்கு([[]|_மற்றவை]) :- இறக்கு(_மற்றவை).
இறக்கு([[_மூட்டை|_உள்]|_மற்றவை]) :- இறக்கு([_உள்|_மற்றவை]).

வண்டி தீர்ந்தால் வேலை முடிந்தது. முதல் பெட்டி காலி என்றால் அதைக் கழற்று. முதல் பெட்டியில் மூட்டை இருந்தால் ஒன்றை எடுத்து இறக்கு, மீதியோடு தொடர். பெட்டிகளை மட்டும் எண்ணினால் மூன்றாம் விதியில் எதுவும் குறைவதில்லை. மூட்டைகளை மட்டும் எண்ணினால் இரண்டாம் விதியில் எதுவும் குறைவதில்லை. இரண்டையும் கூட்டினால் எல்லா அழைப்பிலும் சரியாக ஒன்று குறைகிறது.

கையால் போட்டுப் பார்க்கலாம். [[க, ங], [], [ச]] என்ற வண்டி. பெட்டி 3, மூட்டை 3, மொத்தம் 6. க இறங்கினால் 3ம் 2ம், அதாவது 5. ங இறங்கினால் 4. முதல் பெட்டி கழன்றால் 2ம் 1ம், 3. அடுத்த காலிப் பெட்டியும் கழன்றால் 2. ச இறங்கினால் 1. கடைசிப் பெட்டியும் போனால் 0. இதில் க, ங, ச என்பவை என்ன என்று நாம் ஒரு தடவையும் கேட்கவில்லை. அவை நிரம்பாத மாறிகளாகவே இருந்தாலும் கணக்கில் ஒன்றும் மாறாது. ஆகவே இந்தப் புரோகிராமுக்குச் சரியான அளவு, பெட்டியைத் திறந்து மூட்டைகளை எண்ண வேண்டும், மூட்டையைத் திறக்கக் கூடாது.

எந்த மட்டம் வரை திறப்பது என்பதை யார் சொல்வது? புரோகிராமுக்குப் புரோகிராம் மனிதன் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் வகை. "இது மூட்டைகளின் பட்டியல்களின் பட்டியல்" என்று தெரிந்துவிட்டால், அந்த வகைக்குள் மூன்று வகைகள் அடங்கியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது: வண்டி, பெட்டி, மூட்டை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு தானாகவே கிடைக்கும். பொருளுக்குள் அந்த வகையைச் சேர்ந்த துண்டுகள் எத்தனை என்பதே அந்த அளவு. வண்டிக்கான அளவு கொக்கிகளை எண்ணும், பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. பெட்டிக்கான அளவு எல்லாப் பெட்டிகளின் உட்பட்டியல்களையும் எண்ணும், மூட்டையைத் தொடாது. காலி உட்பட்டியலையும் ஒரு துண்டாகச் சேர்த்துக்கொண்டால் இந்த இரண்டாம் அளவே நாம் கூட்டிச் செய்த 6, 5, 4 என்ற கணக்கைக் கொடுத்துவிடும் என்பது போனஸ்.

என்னைக் கேட்டால் இந்த யோசனையின் அழகு எண்ணுவதில் இல்லை, எண்ணாமல் விடுவதில். வகை என்றாலே பலருக்கு "தப்பான பொருள் உள்ளே வராமல் தடுக்கும் காவல்காரர்" என்றுதான் தோன்றும். இங்கே அதற்கு வேறு வேலை. எந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் வேலை.

வகைக்கு ஏற்ப அளவுகோல் வைக்கலாம் என்பதை 1992ல் இத்தாலியைச் சேர்ந்த போஸ்ஸி, கோக்கோ, ஃபாப்ரிஸ் மூவரும் முன்வைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெல்ஜியத்தின் லூவனில் இருந்த டெகோர்ட், டி ஸ்க்ரேயே இருவரும் ஃபாப்ரிஸோடு சேர்ந்து, அந்த அளவுகோல்களை மனிதன் கொடுக்காமல் இயந்திரமே கண்டுபிடிக்க வழி பார்த்தார்கள். 1996ல் மார்ட்டின், கிங், சோப்பர் மூவரும், வகை முன்கூட்டியே அறிவித்திருக்கும் புரோகிராம்களில் அளவுகோலை அந்த அறிவிப்பிலிருந்தே எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக எளிய ஆய்வை நடத்திவிட்டுக் கடைசியில் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது என்ற வடிவத்துக்கு, ப்ரைனோகே, கோடிஷ், கேலகர், ஜெனைம், வான்ஹூஃப் ஐவரும் 2007ல் எழுதிய நீண்ட கட்டுரை முக்கியமானது.

வகை எங்கிருந்து வருகிறது என்பதில் இரண்டு பாதை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுவில் பிறந்த மெர்க்குரி என்ற மொழி, ப்ரோலாக்கின் தம்பி மாதிரி. ஆனால் கறாரான தம்பி. இணை, இறக்கு போன்ற ஒவ்வொரு உறவுக்கும் வகை என்ன, எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். நிற்குமா என்று சோதிக்கும் பகுதியும், புரோகிராமை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் அதன் கம்பைலரிலேயே உண்டு. ப்ரோலாக்கில் அப்படி எதுவும் எழுதுவதில்லை. அதற்கும் வகை ஏற்பாடு சேர்க்கலாம் என்று 1984லேயே மைக்ராஃப்டும் ஓ'கீஃபும் சொன்னார்கள், ஆனால் பழகியவர்கள் சுதந்திரத்தை விடத் தயாராக இல்லை. அதனால் அங்கே கருவியே விதிகளைப் படித்து வகையை ஊகிக்க வேண்டும். ஊகிக்கும்போது வேடிக்கைகள் வரும். மேலே எழுதிய இணை புரோகிராமில் முதல் வண்டி காலியாகவும் இரண்டாவது இடத்தில் வண்டிக்குப் பதில் வாழைப்பழமும் இருந்தால் விடையும் வாழைப்பழம். ப்ரோலாக் கண்ணிமைக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஊகிக்கிற கருவி நேர்மையாக இருந்தால், "மூன்றாம் இடத்தில் இருப்பது பட்டியலாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். அந்த ஒரு வாழைப்பழத்தால் அளவுகோல் தளர்ந்துபோகும். மெர்க்குரியில் அது உள்ளேயே வராது.

குறைகிறதா என்று பார்க்கும்போது ஒரு விதியை மட்டும் பார்த்தால் போதாத இடங்களும் உண்டு. வரிசைப்படுத்தும் குவிக்சார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சின்னது, பெரியது என்று இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறது, பிறகு அந்த இரண்டையும் தனித்தனியே வரிசைப்படுத்துகிறது. அடுத்த அழைப்புக்குப் போகும் பட்டியல் முந்தையதைவிடச் சின்னது என்பது அந்த விதியில் எங்கேயும் எழுதியில்லை. பிரிக்கிற வேலையைச் செய்யும் இன்னொரு புரோகிராமின் குணம் அது. ஆகவே கருவி முதலில் அதைத் தனியாக ஆராய்ந்து, "வெளியே வரும் இரண்டின் நீளமும் சேர்ந்தால் உள்ளே போனதன் நீளம்" என்ற உறவைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்கிறது. இணை புரோகிராமுக்கும் இதே மாதிரி உறவு: முதல் இரண்டின் நீளம் சேர்ந்தால் மூன்றாவது.

இங்கே வகை இன்னொரு உதவியும் செய்கிறது. இணை புரோகிராமுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற அக்கறையே இல்லை. எந்த வகையையும் கோக்கும். அதனால் ஒரே ஒரு தடவை, "ஏதோ ஒரு வகையின் பட்டியல்" என்று வைத்து ஆராய்ந்தால் போதும். பெட்டிகளின் எண்ணிக்கை கூட்டினால் சரியாக வருகிறது என்பதோடு, உள்ளே இருக்கும் எதுவும் தொலைவதில்லை, புதிதாக முளைப்பதும் இல்லை என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்துவிடும். பிறகு மூட்டைப் பட்டியல்களைக் கோத்தாலும் சரி, மரங்களின் பட்டியலைக் கோத்தாலும் சரி, உள்ளடக்கத்துக்கான அளவுக்கும் "முதல் இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது" என்ற அதே உறவை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆயிரம் இடத்தில் கூப்பிடப்படும் ஒரு சின்ன உதவிப் புரோகிராமை ஆயிரம் தடவை ஆராய வேண்டியதில்லை. கருவி எழுதுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பல அளவுகள் கையில் இருக்கும்போது அவற்றை எப்படிச் சேர்ப்பது? கூட்டிப் பார்க்கலாம். அகராதி வரிசை மாதிரி முதலில் இது, இது மாறாவிட்டால் அது என்று ஒப்பிடலாம். 2001ல் லீ, ஜோன்ஸ், பென்-அம்ரம் மூவரும் எடுத்த பாதை இன்னும் சுவாரஸ்யமானது: ஒரே அளவு எல்லா அழைப்பிலும் குறைய வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடு. முடிவில்லாத ஓட்டம் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய். அந்த ஓட்டத்தில் ஏதாவது ஓர் அளவு முடிவில்லாமல் குறைந்துகொண்டே போக வேண்டியிருந்தால், தரையுள்ள அளவு அப்படிக் குறைய முடியாது, ஆகவே அந்த ஓட்டமே இருக்க முடியாது. இந்த ஓட்டத்தில் பெட்டி குறையலாம், அந்த ஓட்டத்தில் மூட்டை குறையலாம். எது என்று கவலையில்லை.

இவ்வளவு இருந்தும் வகை சறுக்குகிற இடங்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒன்றை எழுதிக் காட்டினேன். இரண்டு கிளையுள்ள மரத்தை இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கரைக்கிற புரோகிராம்:

கரை(காலி).
கரை(மரம்(காலி, _வலம்)) :- கரை(_வலம்).
கரை(மரம்(மரம்(_அ, _ஆ), _இ)) :- கரை(மரம்(_அ, மரம்(_ஆ, _இ))).

இடக்கிளை காலி என்றால் வலக்கிளையோடு தொடர். இல்லையென்றால் இடக்கிளையின் ஒரு பகுதியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டு. மரம் என்ற வகையின் துண்டுகளை எண்ணினால் மூன்றாம் விதியில் முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கை. இடமும் வலமும் ஒரே வகை. வகைக்கு இடக்கை வலக்கை தெரியாது. அதை மட்டும் நம்பியிருக்கும் கருவி "தெரியவில்லை" என்று சொல்லிவிடும். முழு மரத்தைக் கொடுத்தால் புரோகிராம் என்னவோ ஒழுங்காக நிற்கிறது.

இதற்கு எடை போட்டுப் பார்க்கலாம். காலிக்கு எடை 0. மரத்துக்கு எடை, இடக்கிளையின் எடையைப் போல இரண்டு மடங்கு, அதோடு வலக்கிளையின் எடை, அதோடு 1. லூவன்காரர்கள் உட்படப் பலர் பிற்பாடு பல்லுறுப்புக் கோவைகளை வைத்துக் கருவி செய்ததன் எளிய வடிவம் இதுதான். அவள் நோட்டைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் போட்டாள். அ, ஆ, இ மூன்றின் எடையையும் அதே எழுத்தால் குறித்தால், திருப்புவதற்கு முன் 4அ + 2ஆ + இ + 3. திருப்பிய பின் 2அ + 2ஆ + இ + 2. இரண்டாம் விதியில் வலம் + 1 என்பது வலம் ஆகிறது.

"ரெண்டு அ, அதோட ஒன்னு கொறையுதுண்ணா," என்றாள். "அ காலியா இருந்தாக்கூட ஒன்னு கொறையும்." பிறகு, அந்த இரண்டு மடங்கை வலப்பக்கத்துக்குப் போட்டால் என்ன ஆகும் என்று அதற்குக் கீழேயே எழுத ஆரம்பித்தாள்.